இமை விளிம்பில் மை

எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று காட்டுவதற்காக, என் இருபத்திரண்டாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றுமே தெரியாமல் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் காப்பித் தட்டோடு நடந்தேன். ஆளில்லாத ஒரு நாற்காலிக்கு முன்னால் பணிவாகக் குனிந்து, அதன் முதுகில் கிடந்த துண்டுக்குக் காப்பி நீட்டினேன். துண்டு எடுத்துக்கொள்ளவில்லை. சங்கோஜப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"அம்மணி, அது என்ற துண்டுங்க. நான் இந்தப் பக்கம் இருக்கறனுங்க" என்றது ஒரு குரல். மாப்பிள்ளையின் தாய்மாமன். எங்கள் பக்கத்து மரியாதையைப் பாருங்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அப்போதே உள்ளே ஓடியிருப்பேன், பாதி மானமாவது மிஞ்சியிருக்கும்.

கண் கெட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதிலேயே எனக்குக் கரும்பலகை வெறும் கரும்பலகையாகத்தான் தெரிந்தது. பிறவியிலேயே அப்படி என்றார் உள்ளூர் டாக்டர். எங்கள் வீட்டில் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "படிச்சுப் படிச்சுக் கெடுத்துக்கிட்டா" என்பதுதான் வீட்டின் தீர்ப்பு. அதில் ஒரு வசதி இருந்தது. பிறவி என்றால் பழி குடும்ப ரத்தத்தின் மேல் விழும், தங்கைகளுக்கும் வரன் தட்டிப்போகும். படிப்பு என்றால் பழி என்னோடு முடிந்துவிடும். என் கண்ணாடியை மேஜையில் கழற்றி வைத்தால் பக்கத்திலிருக்கும் காகிதம் பற்றிக்கொள்ளும் என்று அண்ணன் சொல்வான். கிட்டப்பார்வைக் கண்ணாடி வெயிலைக் குவிக்காது, விரிக்கத்தான் செய்யும் என்று நான் திருத்துவேன். அப்படித் திருத்துகிற பெண்ணுக்குக் கண்ணாடி இல்லாவிட்டாலும் வரன் அமைவது கஷ்டம் என்று அம்மா நினைத்தாள். அவள் நினைத்தது தப்பில்லை.

அப்பாவுக்கு பீளமேட்டுப் பக்கம் பம்ப் செட் ஃபவுண்டரி. எது பழுதானாலும் பாகத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்பது அவர் மதம். கண்ணுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி ஒன்று வந்திருக்கிறது, வெளியே தெரியாது என்று பம்ப் வாங்க வந்த மெட்ராஸ் வியாபாரி ஒருவர் சொன்னதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். அறுபதுகளின் நடுவில் கோயமுத்தூரில் கான்டாக்ட் லென்ஸ் என்றால் யாருக்கும் தெரியாது. மெட்ராஸிலேயே விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு வருகிற மெத்தென்ற லென்ஸ் அல்ல அது, கெட்டியானது. கண்ணில் வைத்த முதல் நாள், இமைக்கடியில் யாரோ உமியைப் போட்டு இமையைத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. பழகப் பழக உமி குறைந்தது. டாக்டர் வாசலில் எதிர்க்கடைப் போர்டை நானே படித்தபோது, உரக்கடை விளம்பரத்துக்குக் கண்கலங்கிய ஒரே பெண் நானாகத்தான் இருக்கவேண்டும்.

டாக்டர் வயதானவர், சிடுசிடுப்பானவர். கிளம்பும்போது என் கண்ணில் தீட்டியிருந்த மையைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். மை வைக்காமல் இருப்பதுதான் உத்தமம் என்றார். அது நடக்காது என்று என் முகத்தில் தெரிந்ததும், வைத்தே தீரவேண்டுமானால் இப்படி வை என்று சொல்லிக்கொடுத்தார். முதலில் கையைக் கழுவ வேண்டும், விரலில் எண்ணெயோ சோப்போ மிச்சம் இருக்கக்கூடாது. லென்ஸைப் போட்ட பிறகுதான் மை. இமை மயிருக்கு வெளியே மட்டும் கோடு இழுக்கலாம், விளிம்புக்கு உள்ளே ஒரு துளி படக்கூடாது. பொடியாய் உதிர்வதும் ஆகாது, எண்ணெயில் குழைத்ததும் ஆகாது. அழிக்கும்போது முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டு அப்புறம்தான் மையைத் துடைக்க வேண்டும். "எண்ணெய் பட்டா என்னாகும் டாக்டர்?" என்று கேட்டேன். "ஊட்டிக்குப் போயிருக்கியா? மழைக்காலத்துல?" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்துவந்து லென்ஸை அளக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஃபினிஷிங்கப் பாரு. நம்ம பசங்களுக்கு இது வருமா?" என்றார். அப்புறம் வீட்டார் எல்லாரையும் பூஜை அறைக்குக் கூப்பிட்டு, சூடத்தைக் கொளுத்தி, லென்ஸ் விஷயம் வெளியே போகாது என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கினார். சமையல்கார அம்மாளுக்கு லென்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. இருந்தாலும் அவளும் சத்தியம் செய்தாள்.

இத்தனையும் எதற்கு என்றால், கொடுமுடிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வருவதாக இருந்தது. வரப்போகிற பையன் என் நங்கைக்கு அண்ணன் முறை, பெரியம்மா மகன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

அந்தப் பையனை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அது வீட்டில் யாருக்கும் தெரியாது, நங்கையைத் தவிர. காரமடையில் ஒரு கல்யாணத்தில், பந்தலுக்குப் பின்னால் சமையல் புகைக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவன் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டார்கள். பக்கத்தின் மூலையை மடித்துவிட்டு எழுவான் என்று பார்த்தேன். அவன் மடிக்கவில்லை. தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, பக்கத்துக்கு நடுவே வைத்து மூடினான். மூலை மடிக்காத ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. என் சொந்த அண்ணன் பாடப்புத்தகத்தில் மீன்குழம்பு சிந்தியவன். ஒரு வெற்றிலைக் காம்பை நம்பி ஒரு பெண் வாழ்க்கையை ஒப்படைப்பாளா என்று கேட்பீர்கள். அந்த வயதில் அதைவிடக் குறைந்ததை நம்பி ஒப்படைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆக, அந்த ஒரு வரன் எனக்கு வேண்டியிருந்தது. வாய்விட்டு அதை நான் சொன்னது நங்கையிடம் மட்டும்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நூலகத்திலிருந்து நான் கொண்டுவரும் நாவலை எனக்கு முன்னால் படித்து முடித்து, முடிவைச் சொல்லாமல் இருக்கத் தெரிந்த ஒரே பெண். அவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மைக்கும் அவள்தான் துணை. பெரிய கடை வீதி ஃபேன்சி ஸ்டோரில் தேடி, எண்ணெய்ப் பசை இல்லாத ஒரு மைப்பென்சில் வாங்கிவந்தாள். சாயங்காலம் மாடி அறையில் ஒத்திகை. நான் லென்ஸைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். அவள் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு வெளிக்கோடு இழுப்பாள். "இந்த வரப்புக்குள்ள மட்டும் வந்துடாதீங்க நங்கை. உள்ள பட்டுதுன்னா நான் குருடி" என்று கீழிமையைப் பிதுக்கி, விரல் வைத்துக் காட்டினேன். "தெரியுது அம்மணி, நான் பாத்துக்கறேன்" என்றாள். கோடு காய்ந்ததும் மாடி ஜன்னல் வழியாக எதிர் வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காயைக்கூட என்னால் பார்க்க முடிந்தது.

அப்பா தன் பங்குக்கு வேறு ஒத்திகை நடத்தினார். பெண் பார்க்க வருகிறவர்கள் கண் தெரிகிறதா என்று நேராகக் கேட்கமாட்டார்கள். அது எங்கள் ஊர்ப் பழக்கமில்லை. மணி என்னாச்சு கண்ணு என்பார்கள், ஊசியில் நூல் கோத்துக் கொடு என்பார்கள், அரிசியில் கல் இருக்கிறதா பார் என்பார்கள். எல்லாவற்றுக்கும் என்னைத் தயார் செய்தார். வருவதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுவரிலிருந்த கடிகாரம், படங்கள், தினசரி காலண்டர் எல்லாம் கீழே இறங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பழைய ஆணியிலேயே ஏறின. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லென்ஸைப் போட்டுக்கொண்டு மாடியில் உட்கார்ந்தேன். உலகம் துல்லியமாக இருந்தது. நங்கை மேஜை இழுப்பறையைத் துழாவினாள்.

"பென்சிலக் காணமுங்களே அம்மணி."

"நேத்து அங்கதானே வெச்சீங்க?"

"வெச்சேன். காணமே. அவங்க கார் வந்துருச்சாட்டம் இருக்குது. அத்தையோட டப்பா இருக்குது, அதுலயே பட்டும் படாம வெச்சுடட்டுமா?"

அத்தை என்று அவள் சொன்னது என் அம்மாவை. அம்மாவின் டப்பாவில் இருந்தது வீட்டில் சேர்த்த மை. கொட்டமுத்து எண்ணெய், அதாவது ஆமணக்கெண்ணெய், விளக்கில் கரி பிடித்து, அதே எண்ணெயில் குழைத்தது. டாக்டர் எதை எதையெல்லாம் கூடாது என்றாரோ அத்தனையும் ஒரே டப்பாவில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"வெளியில மட்டும் நங்கை. நெசமா."

"எனக்குத் தெரியாதா கண்ணு" என்றாள்.

மோவாயைப் பிடித்தாள். விரல் வந்தது. வெளிக்கோட்டில் அல்ல, நான் தொட்டுக் காட்டிய வரப்பின் மேலேயே, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, நிதானமாக ஒரு இழுப்பு. இரண்டு கண்ணிலும். கை தவறினால் ஒரு கண்ணில்தான் தவறும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பிறகுதான் வந்தது.

நான் இமைத்தேன். உடனே ஊட்டி வந்துவிட்டது. முதலில் ஜன்னல் போயிற்று, அப்புறம் கட்டில், அப்புறம் நங்கை. கண்ணீர் வந்தது, அது எண்ணெயை இன்னும் நன்றாகப் பரப்பியது.

"எரியுதுங்களா? கழட்டிப்போடு அம்மணி. கழட்டிப்போட்டுக் கண்ணாடியவே மாட்டிக்கோ, என்ன இப்ப?" என்றாள் நங்கை. குரலில் ஒரு அவசரம். அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

கழற்றுவதா? அப்பா சூடம் கொளுத்தியது, மெட்ராஸ், உமி, வெற்றிலைக் காம்பு எல்லாம் என் தலைக்குள் வரிசையாக வந்தன. "தேவையில்லை, போலாம்" என்று எழுந்தேன். படி எனக்கு மனப்பாடம். கூடமும் மனப்பாடம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்தான் மனப்பாடமில்லை.

துண்டுக்குக் காப்பி கொடுத்ததைச் சொல்லிவிட்டேன். பிறகு பாயில் உட்கார வைத்தார்கள். எதிரே வெள்ளையாக ஒரு உருவம் இருந்தது, அதுதான் அவனாக இருக்கவேண்டும். கன்னத்தில் கருப்பாக நீர் இறங்குவது எனக்கே தெரிந்தது. அடுப்புப் புகை என்று அம்மா யாரிடமோ விளக்கம் சொன்னாள். கொஞ்ச நேரம் மழை, மஞ்சள் விலை என்று பேச்சு போயிற்று. அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா, அதாவது நங்கையின் பெரியம்மா, தேன் வழிகிற குரலில் கேட்டார்:

"ஏனுங் கண்ணு, ராகு காலத்துக்கு முன்னாலயே நாங்க கெளம்போணும். அந்தக் காலண்டர்ல எத்தனை மணிக்குப் போட்டிருக்குதுன்னு பாத்துச் சொல்லு பாக்கலாம்."

எனக்கு உயிர் வந்தது. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் எங்கள் ஊரில் பால் மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும். காலண்டர் இருக்கும் திசையும் தெரியும். தலையைத் திருப்பினேன். கண்ணைச் சுருக்காமல், படிக்கிறவள் போல ஒரு நொடி நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்: "நாலரையில இருந்து ஆறுங்க."

கூடத்தில் ஒரு அமைதி. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"ஆமாங். சரியாத்தான் சொல்லுது பொண்ணு" என்றார் அந்த அம்மாள். நாலு மணிக்கே கிளம்பினார்கள். போகும்போது ஒவ்வொருவரும் "வாரமுங்க, வாரமுங்க" என்று அத்தனை அன்பாகச் சொன்னார்கள்.

அவர்கள் கார் தெரு முனை திரும்பியதும், அண்ணன்தான் என் தோளைப் பிடித்துக் காலண்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். மூக்கு தாளில் உரசும் தூரத்தில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. சுண்ணாம்பு அடிக்கக் கழற்றிய அன்றைய தாள் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் தேதி கிழிப்பது அப்பாவின் உரிமை. தினமும் குளித்துவிட்டு வந்து அவர்தான் கிழிப்பார், வேறு யாரும் தொடக்கூடாது. காலண்டர் கீழே இருந்த சனிக்கிழமையும் அவர் கிழிக்கவில்லை, பதற்றத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மறந்துவிட்டார். கண் தெரிந்தவளாக இருந்தால், "இது வெள்ளிக்கிழமைத் தாளுங்க, கிழிக்கலீங்க" என்று சிரித்திருப்பேன். வந்தவர்களும் சிரித்திருப்பார்கள். நான் சரியான பதிலைச் சொல்லித் தோற்றேன்.

மாடிக்குப் போனேன். டாக்டர் சொன்னபடி முதலில் லென்ஸைக் கழற்றினேன். வாழ்க்கை போனாலும் வரிசை தவறக்கூடாது அல்லவா. நங்கை ஈரத்துணியோடு நின்றாள். நான் துடைத்து முடித்ததும், மடியை அவிழ்த்து என் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். கூடவே ஏதோ கீழே விழுந்து உருண்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மைப்பென்சில்.

குனிந்து அதை எடுத்தேன்.

"வேணும்னேதான் செஞ்சீங்களா?"

"கண்ணு எரிஞ்சா கழட்டிப்போட்டுக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு வருவேன்னு நெனச்சேன் அம்மணி. அதுக்குத்தான் மடியிலயே வெச்சிருந்தேன். நீ இப்படி முரட்டுப் பிடிவாதமாப் போயி உக்காருவேன்னு நானென்ன கண்டனா?"

"நான் ஏன் கண்ணாடியோட போகணும்?"

அவள் துணியைப் பிழிந்தாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை. "பெரியம்மாகிட்ட நான் போன மாசமே சொல்லிப்போட்டேன். உனக்குக் கண்ணு இப்படீன்னு."

"சொன்னீங்களா?"

"பின்ன? நாளைக்குக் கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சா என்னைத்தானே கேப்பாங்க? என்ற பொறந்த ஊட்டுல நான் காலெடுத்து வெக்க முடியுமா? ஆனா அவங்க ஒண்ணும் சொல்லல அம்மணி. கண்ணாடிதானே, போட்டுட்டுப் போகட்டும், புள்ள நல்ல புள்ளையான்னாங்க. கண்ணாடியோட வந்து உக்காரட்டும், நாங்க பாத்துக்கறோம்னாங்க."

"இதை எங்கிட்ட ஏன் சொல்லல நங்கை?"

"எப்படிச் சொல்றது? மாமா சூடத்துல அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காரே. சொன்னேன்னு தெரிஞ்சா என்னை இந்த ஊட்டுல வெப்பாங்களா?"

வெளியே உடைத்த சத்தியத்தை என்னிடம் மட்டும் காப்பாற்றியிருக்கிறாள். வந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு ரகசியத்தை, அவர்களுக்குத் தெரியும் என்பதே தெரியாமல் நான் கண்ணில் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மாள் காலண்டரைப் பார்க்கச் சொன்னபோது என் பார்வையைச் சோதிக்கவில்லை. கண்ணாடி இல்லைங்க, தெரியலைங்க என்று ஒரு வார்த்தை சொல்லுவேனா என்று பார்த்திருக்கிறார்.

எது அதிகம் வலித்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை. அவள் சொல்லிவிட்டாள் என்பது பொறுத்துக்கொள்ளக்கூடியது, யோசித்தால் நியாயம்கூட. எந்த இடத்தில் மை படக்கூடாது என்று என் இமையை நானே பிதுக்கி, விரல் வைத்து அவளுக்குக் காட்டியிருந்தேன். அதே இடத்தில் வைத்தாள். அதுவும் அழகாக, சிந்தாமல். அந்த நேர்த்தியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பையனுக்கு இந்த வருஷம் யோசனை இல்லைங்க, மஞ்சள் வெட்டு முடியட்டுமுங்க என்றார்கள். மஞ்சள் வெட்டு முடிந்தது. பையனுக்கு வேறு இடத்தில் யோசனை வந்தது. அந்தப் பெண் மூலை மடிப்பாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான், கேட்க வழியில்லை.

நங்கையோடு நான் பேச்சை நிறுத்தினேன். ஒரே வீட்டில் பேசாமல் இருப்பது பெரிய வேலை, உப்பு வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆளைத் தேடவேண்டும். அவள் நாவலை எனக்கு முன்னால் எடுப்பதை நிறுத்திவிட்டாள். நான் முடித்து மேஜையில் வைத்த பிறகு, நான் பார்க்காதபோது எடுத்துப் போவாள். முடிவைச் சொல்லிப் பழிவாங்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்கும் பேசவேண்டியிருந்தது.

பதில் வந்த அன்று எனக்குள் கொதித்தது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பென்சில் என் கையில் இருந்தது, சாட்சி. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அப்பா சத்தம் போடமாட்டார். அண்ணனைக் கூப்பிடுவார். நங்கை பிறந்த வீட்டுக்கு, கொடுமுடிக்கு, ரயிலேறுவாள், எப்போது திரும்புவாள் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தும்தான் போனேன்.

மறுநாள் காலை அப்பா குளித்துவிட்டு ஈரத்தலையோடு கூடத்தில் காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் கிழிக்கத் தவறவில்லை. பம்ப் ஓடவில்லை என்று யாராவது வந்தால், மோட்டாரை விட்டுவிட்டு, இருப்பதிலேயே சின்னப் பாகத்தைத்தான் அவர் முதலில் கழற்றிப் பார்ப்பார். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அங்கேதான் கோளாறு இருக்கும் என்பார். என் காலடி கேட்டுத் திரும்பவில்லை. முந்தின நாள் தாளைக் கிழித்து, உருட்டி, ஜன்னல் வழியாகப் போட்டார்.

"அப்பா" என்றேன்.

"நானும் பத்து நாளா யோசிச்சுப் பாக்கறேன் கண்ணு" என்றார், தாளில் அன்றைய ராகு காலத்தைப் பார்த்துக்கொண்டே. "இதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கவே வேண்டியதில்ல. ரெண்டு தாளு கிழிச்சிருந்தாப் போதும்."

பென்சிலை முந்தானையில் முடிந்துகொண்டேன்.